செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா?

இந்த முறை வந்தவற்றில் பாதிக் கடிதங்கள் ஒரே வரிதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?" செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார், சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லையா, செல்ஃபே சுற்றவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். அதை எழுதாதவர்களின் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. விளக்குகளும் மங்குகின்றன.

பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்கு மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம்.

பைக்கில் ஹாரன் நன்றாக அடிக்கிறது. செல்ஃப் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை.

கில் சுவிட்ச், ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்த இருக்கும் சுவிட்ச், ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். கோபப்படாதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், அப்புறம் செல்ஃபுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே.

ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்று நாள் நிறுத்தினால் கார் எடுப்பதில்லை. அடுத்து எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றுகிற இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதுவது? கடைக்காரர் சொன்னார் என்பீர்கள். அவர் விற்பது பேட்டரி, வேறென்ன சொல்வார்?

முதலில் டெர்மினலையும், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 14 ஒட்டி வர வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் நிற்கும்போது எதுவோ கரண்ட்டைக் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன். மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும். என் கையில் வந்த ஒரு வண்டியில் டிக்கியை மூடிய பிறகும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெறும் 5 வாட் பல்புதான். ஆனால் 45 ஆம்பியர் பேட்டரியை நாலைந்து நாளில் காலி செய்துவிடும்.

பெட்ரோல் கார். 30 நொடி விடாமல் செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை, பெட்ரோல் வாடை வருகிறது.

30 நொடியா! 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பிளக் நனைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் வருவது நின்று, உள்ளே இருப்பது காய்ந்துவிடும். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். இன்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

டீசல் வண்டியில் தவறுதலாக 10 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். மேலே டீசல் நிரப்பி ஓட்டலாமா?

கூடாது. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். பம்புக்கு மசகே டீசல்தான். டேங்கைக் காலி செய்த பிறகு பேசுவோம்.

வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்ப் கேபிளின் கடைசிக் கறுப்பு முனையை எங்கே மாட்டுவது?

சார்ஜ் இறங்கிய வண்டியின் இன்ஜினில், பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரி மேலேயே மாட்டினால் பொறி பறக்கும், அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும்.

ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

தள்ளலாம், ஸ்டார்ட் ஆகாது.