“ஹேர் பக்கம் வேணும்னா பார்க்கலாம்மா”

கேள்வி: அம்மா, நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவள். வயது 26. மேக்கப் கோர்ஸ் முடித்துவிட்டு மூன்று குறும்படங்களும் ஒரு வெப் சீரிஸும் செய்திருக்கிறேன். பெரிய படங்களில் அசிஸ்டென்ட்டாக வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ‘கார்டு இருக்கா?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோகிறது. அது சினிமா மேக்கப் சங்கத்தின் உறுப்பினர் கார்டு. அதற்காகச் சங்கத்துக்கு 14 மாதமாக நடக்கிறேன். முதலில் பொதுக்குழு முடியட்டும் என்றார்கள். அப்புறம் இரண்டு மெம்பர்களின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட ஒருவர் பணம் கேட்டார். போன வாரம், “மேக்கப்ல ஆம்பளைங்களுக்கே வேலை இல்ல, ஹேர் பக்கம் வேணும்னா பார்க்கலாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கே போய்க் கல்யாண மேக்கப் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, வடபழனி

பதில்: மகளே, அந்த வரியைப் படித்ததும் உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுக்க முடிந்தது. ஏறக்குறைய இதே வார்த்தைகளை 1994-இல் என்னிடமும் சொன்னார்கள்.

நான் 1987-இல் ஒரு ஹேர் டிரஸ்ஸர் அக்காவிடம் சேர்ந்தேன். சவுரியைச் சிக்கெடுப்பது, கொண்டை ஊசிகளை எண்ணி டப்பாவில் போடுவது, விக்கைத் துடைத்துக் காயவைப்பது என்று நான்கு வருடம் போனது. ஹேர் டிரஸ்ஸர் கார்டு கிடைத்தது. ஆனால் என் கண் எப்போதும் முகத்தின் மேல்தான் இருந்தது. மேக்கப் போடும் அண்ணன் ஒருவர் அதைக் கவனித்து, ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். பான்கேக் என்ற மேக்கப் பூச்சை ஈர ஸ்பாஞ்சில் எடுத்துக் கழுத்துவரை இழுப்பது, லைட் சூட்டில் வியர்க்கும்போது பவுடரைத் தேய்க்காமல் ஒற்றுவது, கறுப்பு நிறத்தை வெளுக்கவைக்காமல் அதே நிறத்தில் பளிச்சென்று காட்டுவது. அந்தக் கடைசிப் பாடத்தை அவரைத் தவிர வேறு யாரும் அன்று சொல்லித்தரவில்லை.

ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். கதாநாயகிக்கு நான் மேக்கப் போட்டேன். பாதி முகம் முடிந்திருந்தபோது புரொடக்‌ஷன் பையன் “சங்கத்துல இருந்து கார்டு செக்கிங் வந்திருக்காங்க” என்று ஓடிவந்தான். என்னைக் காஸ்ட்யூம் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தொங்கிய பாவாடைகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றேன். கையிலிருந்த ஸ்பாஞ்ச் அப்படியே காய்ந்து இறுகிப்போனது. அந்தப் பக்கம் அந்தப் பெண் பாதி முகத்தோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்ததற்காக நான் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. முப்பது வருடம் ஆகியும் அந்த அறையின் நாப்தலின் வாசனை மூக்கிலேயே இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம்தான் மேக்கப் கார்டுக்கு விண்ணப்பித்தேன். பொம்பளைகளுக்கு ஹேர், ஆம்பளைகளுக்கு மேக்கப், அதுதான் வழக்கம் என்றார்கள். எந்த விதியில் அப்படி எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சொன்னதை எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டேன். நீ அந்தத் தவறைச் செய்யாதே என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அன்று என்னிடம் இல்லாத ஒன்று இன்று உனக்கு இருக்கிறது. மும்பையில் சாரு குரானா என்ற மேக்கப் கலைஞருக்கும் இதே கதை நடந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் படித்துவிட்டு வந்தவர் அவர். மும்பையில் உள்ள சினிமா மேக்கப், ஹேர் டிரஸ்ஸர் சங்கம் பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டு மட்டுமே கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருந்தது. அவரும் வேறு சில பெண்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை விட்டால் ஆண்களுக்கு வேலை போய்விடும் என்ற வாதம் அங்கேயும் வந்தது. இது 2014, 1935 அல்ல என்று நீதிபதிகள் விசாரணையிலேயே சொன்னார்கள். 2014 நவம்பர் 10-ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு.லலித்தும் அந்த இரண்டு விதிகளையும் ரத்து செய்தார்கள். 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம், அரசியலமைப்புக்கு எதிரான விதியை வைத்துக்கொண்டு பெண்ணின் பிழைப்பை மறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதை வைத்துக்கொண்டு யாரும் நேராகப் போய்க் கார்டைக் கேட்டு வாங்கிவிட முடியாது. அனுபவம் கேட்கலாம், கை வேலையைச் சோதிக்கலாம், நியாயமான கட்டணம் வாங்கலாம். அந்த உரிமை சங்கத்துக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். பெண் என்பதற்காக ஹேர் பக்கம் போ என்று சொல்லத்தான் உரிமை இல்லை.

ஆகவே இனி அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்காதே. விண்ணப்பத்தைச் செயலாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. நீ வேலை பார்த்த படங்களின் டைட்டிலில் உன் பெயர் வரும் இடத்தைப் போட்டோ எடு. சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை வை. நீ உண்மையில் இந்தத் தொழிலில் இருக்கிறாய் என்பதற்கு அவைதான் சாட்சி. மறுத்தால் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேள். சங்கத்தின் பதிவான விதிகளில் யாரை எப்படிச் சேர்ப்பது என்று கட்டாயம் எழுதியிருக்கும். தர மாட்டோம் என்றால், தொழிலாளர் துறையில் இருக்கும் தொழிற்சங்கப் பதிவாளரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேள். கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மெம்பர் கையெழுத்து என்று விதியில் இருக்கிறதா, வாயால் சொன்னதா என்பது அப்போது தெரிந்துவிடும். கையெழுத்துக்குப் பணம் கேட்டவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று நினைப்பாய். இலவச சட்ட உதவி பெற ஒரு பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமே அப்படிச் சொல்கிறது. ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் நேரில் போய்க் கேள்.

கல்யாண மேக்கப் பற்றிக் கேட்டாய். அது குறைந்த வேலை இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு மணப்பெண் முகத்தில் வேலை செய்யத் தனிப் பொறுமை வேண்டும். வீட்டு வாடகையைக் கட்டுவதற்காக அதைச் செய். ஆனால் அவர்கள் விரட்டினார்கள் என்பதற்காக ஊருக்குப் போகாதே.

தீர்ப்பு வந்தபோது எனக்கு 48 வயது. சர்க்கரையில் ஒரு கண் மங்கியிருந்தது. என் கார்டு ஹேர் கார்டாகவே நின்றுவிட்டது.

கேள்வி: இப்படி வாசலை அடைக்கும் சங்கங்களை ஒரேயடியாகக் கலைத்துவிட்டால் நல்லதுதானே?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் ஐயா. நான் காயப்பட்டவள், ஆனாலும் வேண்டாம் என்கிறேன். வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும் சென்னையில் சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்ட உழைத்தவர்கள். பேட்டாவும் கால்ஷீட் கணக்கும் யாரும் தானாகத் தந்தது இல்லை. என்னோடு வேலை பார்த்த லைட்மேன் தம்பி ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, கம்பெனி மேனேஜர் போனையே எடுக்கவில்லை. சங்கத்துக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் இருந்து, பணத்தையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

உள்ளே இருப்பவர்களின் பயமும் எனக்குத் தெரியும். 55 வயதில் வேலை இல்லாமல் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மேக்கப் மேன்கள் என் அண்ணன்மார்கள். ஆனால் மெம்பரின் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் திறக்கும் கதவு, யாருமில்லாத பெண்ணுக்கு 14 மாதம் மூடியிருந்தால், அங்கே காப்பாற்றப்படுவது தொழிலாளியின் வயிறு இல்லை. கேரளத்தில் இயக்குநர் வினயனோடு யாரும் வேலை செய்யவிடாமல் தடுத்ததற்காக, ‘அம்மா’ என்ற நடிகர் சங்கத்துக்கும் ‘ஃபெஃப்கா’ என்ற சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும், தொழிலில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் அபராதம் போட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் அது நின்றது. அதற்காக அந்தச் சங்கங்களை யாரும் கலைக்கவில்லை. கலைக்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: மகனுக்குக் கேமரா அசிஸ்டென்ட் கார்டு வாங்கித் தருவதாக ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். பாதி கொடுத்துவிட்டேன். ரசீது தரவில்லை. மீதியைக் கொடுக்கலாமா?
- தந்தை, கரூர்

பதில்: கொடுக்காதீர்கள். சங்கக் கட்டணம் சங்க ஆபீஸில், சங்கத்தின் பெயருக்குச் செக்காகவோ டிடியாகவோ போகவேண்டும், அச்சடித்த ரசீது அங்கேயே கைக்கு வரவேண்டும். நடுவில் ஆள் எதற்கு? கொடுத்த தேதி, போனில் அனுப்பிய பணத்தின் விவரம், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுங்கள். “அப்பா, அவரைப் பகைச்சுக்காதீங்க, கார்டு கிடைக்காம போயிடும்” என்று மகன் தடுப்பான். தடுத்தாலும் இந்த வாரமே போய்க் கொடுங்கள்.