இல்லாத காலில் வலி: ஹிப்னாடிசம் உதவுமா?

உதவலாம், மருந்துக்கு மாற்றாக அல்ல, துணையாக. நீரிழிவால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட உங்கள் அப்பா, இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்று நள்ளிரவில் எழுந்து உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிரமை அல்ல. "கால்தான் இல்லையே" என்று வீட்டில் யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கால் போனாலும் மூளையில் அதற்கான வரைபடம் அழிவதில்லை. அறுபட்ட நரம்பு முனைகளும் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புகின்றன.

ஹிப்னாடிசம் என்றதும் மேடை வித்தையை நினைக்க வேண்டாம். அப்பா விழித்தே இருப்பார். கவனம் மட்டும் ஒருமுகப்படும். அந்நிலையில், எரியும் விரல் குளிர்ந்த நீரில் நனைவதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். அல்லது, இறுகிக் கிடக்கும் அந்த மாயப் பாதத்தை மெல்ல அசைத்து விரிப்பதாக உணரச் செய்வார்கள். எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சியும் (இருக்கும் காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்து, இல்லாத கால் அசைவதாக உணர்வது) இதற்கு நெருங்கியதே. ஆனால், ஹிப்னாடிசத்துக்கான சான்றுகள் பெரும்பாலும் தனி நோயாளிகளின் அனுபவங்களும் சிறு ஆய்வுகளுமே.

சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்தில் சொல்லி மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். தமிழ் பேசும் உளவியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்பா கனவு காணும் மொழியில் பேசினால்தான் அந்தச் சொற்கள் உள்ளே இறங்கும். அறுவை செய்த இடத்தில் சிவப்போ வீக்கமோ சீழோ தெரிந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.