மாத்திரையை நிறுத்திவிட்டு அமுக்கராவுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. வேலையில் வந்த ஒரு சிக்கலுக்குப் பிறகு பதற்றம், தூக்கமின்மை. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். தூக்கம் சரியாகிவிட்டது. ஆனால் பயமும் அழுகையும் அவ்வப்போது வருகின்றன. "அது பழக்கமாகிவிடும், ஆயுர்வேதத்துக்கு மாறிவிடு" என்கிறார்கள் வீட்டில். அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டேன். அதை விட்டு இதைத் தொடங்கலாமா? ஆயுர்வேதத்தில் கவுன்சலிங் உண்டா?

பதில்: நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எஸ்சிடலோபிராம் போதைப் பழக்கத்தை உண்டாக்கும் மருந்து அல்ல. ஆனால் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரலாம். இதைப் பார்த்துத்தான் பலர் 'பழக்கமாகிவிட்டது' என்று முடிவு கட்டுகிறார்கள். பொதுவாக, நன்றாகக் குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அதன் பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அந்தக் கணக்கை மருந்து எழுதியவர்தான் போட வேண்டும்.

அமுக்கராவுக்கு வருவோம். அது வெறும் சத்துமாவு அல்ல, உடம்பில் வேலை செய்யும் மருந்து. சில வாரங்களே நடந்த சிறிய ஆய்வுகளில் பதற்றமும் மன அழுத்தமும் ஓரளவு குறைந்திருக்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்னவாகும் என்பதற்கு அவை பதில் சொல்வதில்லை. தைராய்டு ஹார்மோன் அளவை அது கூட்டலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் அதிகமாகும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ, உடம்பு அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேறு மருந்து எதுவும் நீங்கள் சாப்பிடுவதாக எழுதவில்லை. இருந்தாலும் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியாமல் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு மூலிகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'மனசுக்கு நல்லது' என்று யாராவது கையில் திணிப்பார்கள். அதிமதுரத்தை நிறைய, நெடுநாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். எஸ்சிடலோபிராம் இதயத் துடிப்பின் லயத்தைச் சற்றே பாதிக்கக்கூடியது என்பதால் பொட்டாசியம் குறைவது நல்லதல்ல. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பைன், மனச்சிதைவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உலகமெங்கும் பயன்பட்டது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது ஆகாது. பஸ்மம், அதாவது உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டு எடுத்த பொடி, சேர்ந்த மருந்துகளில் தயாரிப்புத் தரம் முக்கியம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

கவுன்சலிங் உண்டா என்றால், உண்டு. ஆயுர்வேதம் என்றாலே லேகியம், எண்ணெய் என்று நினைப்பவர்கள் தவறவிடும் பகுதி இதுதான். சரகர் பெயரில் உள்ள பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாகப் பிரிக்கிறது: தெய்வ வழிபாடு சார்ந்தது, மருந்தும் உணவும் சார்ந்தது, மூன்றாவது சத்வாவஜயம், அதாவது கெடுதல் தரும் விஷயங்களில் போய் விழாமல் மனதைத் தடுத்துத் திருப்புவது. 'தீ' (புத்தி), த்ருதி, ஸ்ம்ருதி மூன்றும் தவறும்போது மனிதன் தனக்கே கேடு செய்துகொள்கிறான் என்பது சரகரின் கணிப்பு. சரியாக எடைபோடும் அறிவு, தன்னைப் பிடித்து நிறுத்தும் உறுதி, பட்டதை மறக்காத நினைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். மேலதிகாரி கூப்பிட்டதும் 'வேலை போச்சு' என்று மனம் ஓடுகிறதா? அதற்கு என்ன ஆதாரம்? பதிலுக்கு உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பாமல் ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா? போன முறை இதே பயம் வந்தபோது கடைசியில் என்ன நடந்தது? இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

அழுகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேராசை, சோகம், பயம், கோபம் போன்ற மன வேகங்களை, அதாவது உந்துதல்களை, அடக்கப் பழக வேண்டும் என்கிறார் சரகர். ஆனால் அதே அத்தியாயத்தில், அடக்கவே கூடாத 13 உடல் வேகங்களின் பட்டியலில் பசி, தாகம், தூக்கத்தோடு கண்ணீரையும் சேர்த்திருக்கிறார்! சோகத்தை வளர்த்துக்கொண்டே போகாதே, வரும் கண்ணீரை விழுங்காதே என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அழுகை வந்தால் அழுங்கள்.

அதற்காகப் பழைய நூலில் உள்ளது எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். உன்மாதம் எனப்படும் மனநோய்க்கான சிகிச்சையில் நோயாளியைக் கட்டிப்போடுவதும், சாட்டையைக் காட்டுவதும், பல் பிடுங்கிய பாம்பை வைத்து மிரட்டுவதும் அங்கேதான் இருக்கின்றன. இன்று யாராவது மிரட்டல், பூட்டிவைத்தல் என்று பேசினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

யாரைப் பார்ப்பது? ஆயுர்வேதத்தில் மனோவிஞ்ஞானம் மற்றும் மானஸ ரோகம் என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநல வல்லுநர்களாக ஏற்கிறது. ஆனால் சத்வாவஜயத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்றும் நடைமுறை இல்லை, ஆளுக்கொரு விதம். பதற்றத்துக்கு நன்றாகச் சோதிக்கப்பட்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி; பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை அது. நான் தேர்ந்தெடுப்பதானால் முதலில் அதற்குத்தான் போவேன். சிரோதாரா (நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றுவது), எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் உடம்பைத் தளர்த்தும், பிடித்திருந்தால் செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்கு மாற்றாக மட்டும் நினைக்க வேண்டாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், எந்நேரமும் இலவசம். மற்றபடி, அடுத்த முறை மனநல மருத்துவரிடம் போகும்போது அமுக்கரா டப்பாவையும் எடுத்துப் போய், மிச்சமிருக்கும் பயத்துக்கு மருந்தளவை மாற்ற வேண்டுமா, சிபிடி சேர்க்கலாமா என்று கேளுங்கள்.