கரிகாலனிடம் வெண்ணிக்குயத்தியார் சொன்னது

கேள்வி: அண்மையில் வரும் வரலாற்று நாவல்கள் சோழ மன்னர்களைத் தயங்குகிறவர்களாகவும், கண்ணீர் விடுகிறவர்களாகவும், சில இடங்களில் கொடுமை இழைத்தவர்களாகவும் காட்டுகின்றன. காவிரிக்கரையில் பிறந்த நமக்கு இது இழிவு இல்லையா? தஞ்சை மண்ணிலிருந்து வெளிவரும் தங்கள் இதழ் இதைக் கண்டிக்காதது ஏன்?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: கண்டிக்கத்தக்க குற்றம் எதையும் அவற்றில் நான் காணவில்லை. திருவாரூரிலிருந்து நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூருக்கு வரும்போது தாங்கள் பலமுறை கடந்திருக்கக்கூடிய கோவில்வெண்ணிதான், கரிகாலன் பெரும்போர் வென்ற வெண்ணி. அந்த வெற்றியை அவ்வூரைச் சேர்ந்த ஒரு பெண் புலவர் பாடினார். குயவர் குடியில் பிறந்தவர் என்று கருதப்படும் வெண்ணிக்குயத்தியார் அவர். காற்றைத் தன் ஏவலுக்கு ஆளாக்கிக் கடலில் கலம் செலுத்தியவர்களின் வழிவந்தவனே என்று மன்னனைப் புகழ்ந்து தொடங்கி, போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து (வடக்கிருந்து) உயிர்விட்ட சேரனைச் சுட்டி, 'நின்னினும் நல்லன் அன்றே' என்று முடிக்கிறார். வென்றவனின் முகத்துக்கு நேரே, தோற்றவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். புறநானூற்றின் 66ஆம் பாடலாக அது இன்றும் நம் கையில் இருக்கிறது. அதைத் தொகுத்தவர்களும், தலைமுறை தலைமுறையாக ஏட்டில் படியெடுத்தவர்களும் சோழனுக்கு இழிவு என்று கருதி அதை விலக்கிவிடவில்லை. கிள்ளிவளவன் பகைவனின் சிறுபிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்தபோது கோவூர்கிழார் குறுக்கே நின்று தடுத்த பாடலும் அதே நூலில்தான் உள்ளது. நம் மரபு இவ்வளவும் தாங்கியிருக்க, ஒரு நாவலில் மன்னன் அழுததைத் தாங்க முடியாது என்று தாங்கள் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

என் குறை வேறொன்று. நம் நாவல்களில் பெரும்பாலானவை மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைப் பாடும் பகுதியை, தாண்டி வரவே இல்லை. மெய்க்கீர்த்தி அரசின் குரல். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொண்டால், 'திருமகள் போல' என்று தொடங்கி, காந்தளூர்ச் சாலையையும் ஈழத்தையும் வென்றதை வரிசையாகச் சொல்லும் அந்தக் குரலில், படை கடந்து போன ஊரில் என்ன மிஞ்சியது என்பது வராது. அதைக் கேட்க வேண்டியவன் நாவலாசிரியன். அவனும் அதே குரலில் பேசினால், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட இன்னொரு மெய்க்கீர்த்தியைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம்.

1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் அங்கே பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, கொண்டுவந்து குடியேற்றினான். அவர்களில் தங்கள் திருவாரூரிலிருந்து வந்தவர்களும் உண்டு. எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியையும் கல்வெட்டு தனித்தனியே குறிக்கிறது. ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்கு. பெயருக்கு முன்னால் 'நக்கன்', 'நக்கன்' என்று திரும்பத் திரும்ப வரும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், பிறந்த ஊரை விட்டு வந்த ஒருத்தி அந்தப் புது வீட்டில் முதல் இரவை எப்படிக் கழித்திருப்பாள் என்ற எண்ணம் எனக்கு வராமல் போனதில்லை. அவளை வரவழைத்த அரசனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள்? அதே கோயில் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தத்தோடு, கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரியையும் பறைச்சேரியையும் சுடுகாட்டையும் எண்ணிச் சொல்கின்றன. சேரிகள் தனியே இருந்த நாட்டைத்தான் மாமன்னனும் ஆண்டான். இவற்றை எழுதும் நாவல் அவனைச் சிறுமைப்படுத்தவில்லை. அவன் ஆண்ட நாட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

இதனால் நாவலாசிரியன் எதையும் எழுதலாம் என்று ஆகிவிடாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களைச் சார்ந்தோரின் நிலம் கைமாறியதைப் பதிவு செய்கிறது. ஏவியவர் யார், காரணம் என்ன என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது நாவலாசிரியனின் உரிமை. ஆனால் நிரப்பியதையே கல்வெட்டு கூறும் உண்மை என்று முன்னுரையில் அறிவிப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனைக் கொலைகாரன் என்று தீர்ப்பெழுதிவிட்டு உடையார்குடியைச் சான்று காட்டுவோரை நான் பலமுறை மறுத்திருக்கிறேன், இனியும் மறுப்பேன். பத்தாம் நூற்றாண்டு அரண்மனைச் சமையலறையில் மிளகாய் வதக்குவதும் எனக்கு ஏற்புடையதன்று. அது போர்த்துக்கீசியர் வந்த பிறகு இங்கு வந்த பயிர்.

ஆகவே, ஒரு நாவலில் ஆண்டோ, ஊரோ, உறவுமுறையோ பிழைபட்டிருப்பதாகச் சான்றுடன் தாங்கள் எழுதினால், அந்தக் கடிதத்தை ஒரு வரியும் குறைக்காமல் வெளியிடுகிறேன். மன்னன் அழுதான் என்பதற்காகக் கண்டனம் கேட்டு வரும் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் தர மாட்டேன்.