மியூனிக்கிலிருந்து ஃபியூசென்: 11 மணி நுழைவு சரிவருமா?

வணக்கம். நீங்கள் இருவரும் 5, 9 வயதுக் குழந்தைகளுடன் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு மியூனிக்கில் ரயிலேறி, 11 மணிக்கு நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குள் நுழைய எண்ணுவதாகவும், அதற்குப் பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்தின் உள்ளூர் ரயில்களுக்கான ஒருநாள் பயணச்சீட்டு) ஒன்று போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

டிக்கெட் போதும்; நேரம்தான் இடிக்கிறது. வார நாட்களில் அந்த டிக்கெட் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். கோட்டைக்கு அருகிலுள்ள ஃபியூசென் நகருக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பயணம், அங்கிருந்து ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்துக்குப் பேருந்து, பிறகு சிறு கால்களுக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும் மலையேற்றம் என்று கூட்டிப் பார்த்தால், பிற்பகல் 2 மணிக்கு முந்தைய நுழைவைப் பதிவு செய்வது வீண் பதற்றம் என்பேன். குறித்த நேரம் தவறினால் நுழைவுச்சீட்டு வீணாகிவிடும். 11 மணிதான் வேண்டுமென்றால் சனி, ஞாயிறில், 8 மணிக்கும் முந்தைய ரயிலில் செல்லுங்கள். அன்று 9 மணிக் கட்டுப்பாடு இல்லை, கூட்டம் மட்டும் உண்டு.

பயர்ன் டிக்கெட் வாங்கும்போது பெரியவர்கள் இருவர் என்று குறிப்பிடுங்கள். அதில் இரு குழந்தைகளுக்கும் கட்டணமில்லை. டிக்கெட்டில் பெயர் எழுதியிருக்க வேண்டும். பரிசோதகர் அடையாள அட்டையும் கேட்கலாம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது, ஃபியூசென் பேருந்தில் செல்லும்.

தள்ளுவண்டியைக் கோட்டைக்குள் அனுமதிப்பதில்லை. உள்ளே சுற்றிக்காட்டுவதும் அரை மணி நேரம்தான். என்னைக் கேட்டால், கோட்டைக்கு அருகிலுள்ள மரியன்ப்ரூக்க பாலத்திலிருந்து தெரியும் காட்சிக்கே அதிக நேரம் ஒதுக்குவேன். திரும்பும் ரயில் ஏறத்தாழ மணிக்கொன்று உண்டு.