“ஒண்ணுமில்லடா” என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். போன மாதம் நண்பர்களோடு வட்டவடை போயிருந்தோம். ராத்திரி ஒருவன் மஷ்ரூம், அதாவது போதைக் காளான், சாப்பிட்டான். நான் தொடவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் “நான் செத்துட்டேன்டா” என்று அழ ஆரம்பித்துவிட்டான். “ஒண்ணுமில்லடா, எல்லாம் உன் நினைப்புதான்” என்று சொல்லச் சொல்ல அழுகை அதிகமானது. இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? (பெயர் வேண்டாம்.)

தம்பி,

பயந்துபோனவனை விட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகவில்லை. பெரிய விஷயம் அது.

குமுளியில் ஒரு வாடகை அறையில் நானும் இப்படி மஷ்ரூம் சாப்பிட்ட ஒரு நண்பனோடு உட்கார்ந்திருக்கிறேன், கல்லூரி முடித்த வருடம். அவன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு “மணி என்ன?” என்றான். 9.10 என்றேன். ஒரு ராத்திரியே கழிந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டான். 9.12. நானும் உங்களைப் போலத்தான் பேசிப் பேசிப் பார்த்தேன். கடைசியில் சொல்ல ஒன்றுமில்லாமல் டியூப் லைட்டை அணைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் “இப்படியே இரு” என்றான்.

“ஒண்ணுமில்லை” என்று சொல்லும்போது, அவன் கண்ணெதிரே நடப்பது பொய் என்று சொல்லிவிடுகிறோம். அவன் அதற்குள் தனியாகிவிடுகிறான். “பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன். நீ மஷ்ரூம் சாப்பிட்டிருக்க, அது இறங்கிடும்” என்றால் போதும். அமெரிக்காவில் திருவிழாக்களில் இதே வேலையைச் செய்யும் ஜெண்டோ ப்ராஜெக்ட் என்ற குழு 2012லிருந்து சொல்லித்தருவதும் இதுதான்: கூட உட்கார், வழிகாட்டாதே. கஷ்டமாக இருப்பதாலேயே அது கெட்டது ஆகிவிடாது.

கூட இருப்பவருக்குத் தெரிய வேண்டியது கடிகாரக் கணக்கு. மஷ்ரூமில் இருக்கும் சைலோசைபின் என்ற போதைப்பொருள் அரை மணி நேரம் முன்னே பின்னே ஏற ஆரம்பிக்கும், ஒன்றரையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சம், பெரும்பாலும் ஆறு மணி நேரத்தில் அடங்கும். இதே மாதிரி இன்னொரு போதைப்பொருளான எல்எஸ்டி என்றால் பன்னிரண்டு மணி நேரம்கூட இழுக்கும். பைக் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும், வட்டவடை மாதிரி சரிவும் குளிரும் உள்ள இடத்தில் தனியாக வெளியே விடக் கூடாது, மேலே சாராயமோ கஞ்சாவோ சேரக் கூடாது. தொடலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். போனில் வீடியோ எடுப்பவன் இருந்தால் வெளியே அனுப்புங்கள், தயவுசெய்து.

வீட்டில் யாருக்காவது மனச்சிதைவோ பைபோலாரோ (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்) இருந்தால், அல்லது அவனே அதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவன் என்றால், ஆரம்பத்திலேயே “வேண்டாம்டா” என்று சொல்வதுதான் துணை. லித்தியத்தோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம்.

எனக்கு அதிகப் பயம் புல்வெளியில் பறித்த காளானைப் பற்றித்தான். ஈரலை அழிக்கும் விஷக்காளான்களும் உண்டு. ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் போதை இறங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு நாள் தேறியது போல இருக்கும், அதற்குப் பிறகுதான் ஈரல் போகும். வலிப்பு, நினைவு தப்புதல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் 108. சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வருவது, போலீஸ் பயம் இருக்கும்தான். அந்தப் பயத்தில் ஒருவன் சாகக் கூடாது தம்பி. டாக்டரிடம் சாப்பிட்டதை உள்ளபடி சொல்லுங்கள், மிச்சக் காளான் இருந்தால் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது உங்கள் நண்பன். ஞாயிற்றுக்கிழமை அவன் லயத்துக்கே போங்கள். “அன்னைக்கு உனக்கு என்னடா ஆச்சு, முழுசா சொல்லு” என்று கேட்டுவிட்டு, நடுவில் பேசாமல் கேளுங்கள். இன்னும் தூக்கம் வரவில்லை, பயம் போகவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்தான். அவன் போன் போடும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.