தாத்தா ஊர்தான், ஆனாலும் ஊசி வேண்டும்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அடுத்த மாதம் அவரை மூன்று வாரத்துக்குத் தமிழ்நாடு அழைத்துப் போகிறேன். மதுரை, பழனி, இராமேசுவரம், கடைசியில் தாத்தா பிறந்த கிராமம். தடுப்பூசி என்றாலே, "நம் ஊருக்குப் போக ஊசி எதற்கு?" என்கிறார். என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: தாத்தா அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அம்மா வளர்ந்தது பினாங்குக் குழாய்த் தண்ணீரில். டைபாய்டு கிருமிக்கு அவர் வெளியூர்க்காரர்தான். சொல்லப்போனால், ஹோட்டலில் தங்கிச் சுற்றிப் பார்க்கிறவர்களைவிட உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் டைபாய்டு அதிகம் பிடிக்கிறது. அன்போடு நீட்டிய தண்ணீரை அவர்கள் மறுப்பதில்லை. போகுமுன் மருத்துவரைப் பார்ப்பதுமில்லை.

டைபாய்டுக்கு ஒரு ஊசி போதும். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் இந்த வாரமே போடுங்கள். ஃப்ளூ ஊசியும் அம்மாவுக்கு அவசியம். ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் நோய் அவர் வயதினர் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். அந்த ஊசி உங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பெரிய கவலை: அம்மாவின் பாதம். நீண்டநாள் இனிப்பு நீர் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். மரத்துவிட்டதே பலருக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்த கோயில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடந்தால் சூடு உறைக்காது, தோல் மட்டும் வெந்துபோகும். குளியலறைத் தரையில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளங்கால் கொப்பளம் உடைந்தது தெரிந்தது என்று ஒரு பெண்மணி என்னிடம் வந்து அழுதார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. புறப்படுமுன் கிளினிக்கில் பாத உணர்வைச் சோதித்துவிடுங்கள். தரிசனத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணியலாமா என்று கோயில் வாசலிலேயே கேளுங்கள். பழனியில் படியேற வேண்டாம், விஞ்ச் எனும் இழுவை ரயிலும் ரோப்காரும் இருக்கின்றன. இராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடி முடிந்ததும் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தினமும் இரவு கைப்பேசி விளக்கை அடித்து உள்ளங்காலை நீங்களே பாருங்கள். அம்மா கூச்சப்பட்டாலும் விடாதீர்கள்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்துவிடலாம். உறைந்தது உருகினாலும் பயன்படாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் டப்பாவில் போட்டு நிழலில் வைத்தால் வெயில் சூட்டிலிருந்து தப்பும். இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்காக ஊசி அளவைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொதித்த தண்ணீர், சூடான இட்லி, உரித்துத் தின்னும் பழம் ஆகியவற்றுக்குப் பயமில்லை. இங்கே மைலோ ஐஸ் குடித்த பழக்கத்தில் அங்கே தெருவோர ஐஸைத் தொட வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இனிப்பு நீர் இருக்கிறதே என்று சர்க்கரையை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் குடல் உப்பையும் நீரையும் சரியாக உறிஞ்சாது. கடும் வாந்தி, பேதி இருக்கும் நாளில் மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் அதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் சாப்பிடவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது ஆபத்து. எதை, எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாயோ கோயில் குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போய்விடுங்கள். ஊர் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது.

பினாங்கு திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் தமிழ்நாடு போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். டைபாய்டு மூன்று வாரம் கழித்தும் தலைகாட்டும். டெங்கியும் இருக்கலாம் என்பதால் காரணம் தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுபுரூஃபன் வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.